பக்கத்தில் இருந்தவர் பெயர்

ஓர் உதைபந்தாட்ட அணியைத் தொடங்க முதலில் என்ன வேண்டும் என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் பந்து என்று சொல்வார்கள். ரொறன்ரோவில் முதலில் வேண்டியது யாப்பு, அதாவது சங்க விதிகள். யாப்பு இருந்தால் உபகுழு அமைக்கலாம். உபகுழு இருந்தால் கூட்டம் வைக்கலாம். கூட்டம் வைத்தால் கூட்டறிக்கை கிடைக்கும். கூட்டறிக்கையில் அணி இருக்கிறது என்று எழுதிவிட்டால் அணி இருக்கிறது. பந்து வாங்குவது அதற்குப் பிறகு வரும் சில்லறை வேலை.

வெளியாட்களுக்காக இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த நகரத்தில் கோடை வந்தால், இலங்கையில் நாம் படித்த கல்லூரிகள் ஒன்றோடொன்று உதைபந்து விளையாடும். கல்லூரிகள் அங்கேயே இருக்கும். அவற்றின் பழைய மாணவர் சங்கங்கள் இங்கே பூங்கா மைதானங்களில் மோதும். இந்தச் சங்கங்களுக்கெல்லாம் மேலாக ஓர் ஒன்றியம் உண்டு. போட்டி அட்டவணை, நடுவர், கிண்ணம், முறைப்பாடு நான்கும் அதன் பொறுப்பு. நான்கில் அதிக வேலை முறைப்பாட்டில்தான்.

மட்டக்களப்புக் கரையில் உள்ள சிறிய பாடசாலையான வம்மிக்குடா மத்திய கல்லூரிக்கு இங்கே பத்தொன்பது வருடமாகச் சங்கம் இருந்தது. வருடாந்த இராப்போசனம் இருந்தது. அணி மட்டும் இல்லை. போன வருடம் பக்கத்து ஊர்க் கல்லூரி கிண்ணத்தை வென்று, அதைத் தன் இராப்போசன மேடையில் வைத்துப் படம் எடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்த இரண்டாம் நாள் வம்மிக்குடாச் சங்கம் உதைபந்தாட்ட உபகுழுவை அமைத்தது. உறுப்பினர் இருபத்துமூன்று பேர். அணிக்குத் தேவை பதினொருவர்.

உபகுழு ஏழு தடவை கூடியது. கல்லூரிச் சின்னத்தில் உள்ள விளக்கின் சுடர் இடப்பக்கம் சாய்வதா வலப்பக்கம் சாய்வதா என்பதற்கு மூன்று கூட்டம் போனது. சுடர் நேராக நிற்கலாம் என்று நான்காவது கூட்டத்தில் சமரசம் ஆனது. ஏழாவது கூட்டத்தின் முடிவில், தேநீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர், "அப்ப ஆர் விளையாடுறது?" என்று கேட்டார்.

தலைவர் கந்தப்போடி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் உரை வரும்.

"அது நடைமுறைப் பிரச்சினை. நடைமுறைப் பிரச்சினைகளை எப்பவும் கடைசியாத்தான் பாக்கவேணும். முதலே பாத்தா ஒண்டும் தொடங்கேலாது. நாங்கள் விளையாடுறதுக்காக ரீம் போடேல்ல. எங்களுக்கும் ரீம் இருக்கு எண்டதை நிலைநாட்டுறதுக்காகப் போடுறம்."

கைதட்டல் கூட்டறிக்கையில் பதிவானது.

ஒன்றியத்தின் விதிப்படி மைதானத்தில் இறங்குபவர் கல்லூரியின் பழைய மாணவராக இருக்க வேண்டும். ஆனால் பழைய மாணவர்களுக்கு வயது போகிறது, முழங்கால் போகிறது. எனவே விதி வருடாவருடம் அகலப்படுத்தப்பட்டது. பழைய மாணவரின் பிள்ளையும் பழைய மாணவர். பழைய மாணவியைக் கட்டியவர் கல்லூரியின் மருமகன். அவரும் பழைய மாணவர். பொதுக்கூட்டம் தீர்மானம் போட்டால் யாரும் கௌரவ பழைய மாணவர். இப்படி நான்கு பிள்ளைகளும் மூன்று மருமக்களும் மூன்று கௌரவங்களும் சேர்ந்தார்கள். கௌரவங்கள் மூவரும் ஒஷாவாவில் பிறந்த பொடியன்கள். வம்மிக்குடா எந்தக் கடல் பக்கம் என்று கேட்டால் தொலைபேசியில் தேடுவார்கள்.

உண்மையிலேயே கல்லூரியில் படித்து, இன்னும் குனிந்து நிமிரக்கூடியவராக ரொறன்ரோவில் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். அவர் சசிகரன்.

சசிகரனுக்கு நாற்பத்தொரு வயது. ஒஷாவாவில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். மில்லிக்கனில் மனைவியோடும் பதினான்கு வயது மகள் லக்ஷிகாவோடும் இருக்கிறான். எந்தச் சங்கத்திலும் இல்லை. அவனைத் தேடி வந்தவன் சங்கத்தின் செயலாளர் அன்புராசா. இருவரும் ஒரே வகுப்பு. அது மட்டுமல்ல, ஒரே வாங்கில் அருகருகே இருந்தவர்கள்.

"மச்சான், நீ இல்லாட்டி ரீம் இல்லடா," என்றான் அன்புராசா, செருப்பைக் கழற்ற முன்னமே.

"நான் பந்து தொட்டு எத்தின வருசம்."

"கோலுக்குள்ள நிக்கிறதுக்கு ஓடவா வேணும்? பத்து வருசம் உனக்குப் பக்கத்தில இருந்தனான். நடுவில கோடு கீறி வைச்சிட்டு, என்ர முழங்கை அங்கால வந்தா கவராயத்தால குத்துவாய். ஒரு நாள் வாத்தியிட்டச் சொன்னனானா?"

"நீ கொப்பி பாத்து எழுதினதை நான் சொன்னனானா?"

"அதுதான்டா சொல்லுறன். நாங்கள் ஒருத்தனை ஒருத்தன் காட்டிக் குடுக்கிற ஆக்கள் இல்லை."

சசிகரன் சிரித்தான். அவன் சம்மதித்ததற்குக் காரணம் இந்தப் பேச்சு அல்ல. இருபத்தைந்து வருடத்துக்கு முன் வம்மிக்குடா அணி முதன்முறையாக மாவட்ட இறுதியாட்டத்துக்கு வந்தது. கோல் காப்பாளன் அவன். ஆட்டத்தன்று ஊரடங்கு போட்டார்கள். பிறகு வைப்போம் என்றார்கள், வைக்கவில்லை. அந்த இறுதியாட்டம் தனக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்பதால் சொல்லவில்லை. சனிக்கிழமை வேலையை மேற்பார்வையாளரிடம் கெஞ்சி ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டான்.

அணியின் உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைக் கொடுத்தவர் வீடு விற்பனை முகவர் அமிர்தநாதர். இந்த நகரத்தில் முகவர்களின் முகம் பஸ் தரிப்பிட வாங்குகளில் இருக்கும், நாட்காட்டியில் இருக்கும், கோவில் திருவிழா மலரில் இருக்கும். அமிர்தநாதரின் முகம் ஜேர்சியின் முன்பக்கம் பெரிதாகவும் பின்பக்கம் தொலைபேசி எண்ணோடும் இருந்தது. வீரரின் இலக்கத்துக்கு இடம் இல்லாததால் அது காற்சட்டையின் பின்னால் போனது. முதல் ஆட்டத்தில் நடுவர் மஞ்சள் அட்டையில் தொலைபேசி எண்ணைத்தான் எழுதினார்.

அந்த ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள். இரண்டாவதில் சசிகரன் தண்ட உதை ஒன்றைத் தடுத்ததால் சமநிலை. மூன்றாவதில் வென்றார்கள். நான்காவதற்கு முன் வலப்பக்க முன்கள வீரருக்கு விவாகரத்து ஆகி, அவர் கல்லூரியின் மருமகன் என்ற தகுதியை இழந்தார். பத்துப் பேரோடு ஆடியும் வென்றார்கள். சசிகரன் அந்த ஆட்டத்தில் ஒன்பது பந்துகளைப் பிடித்தான். லக்ஷிகா வேலிக்கு வெளியே எண்ணிக்கொண்டிருந்தாள்.

அரையிறுதி விட்பி நகரில். அன்புராசா தன் காரில் கூட்டிப்போனான். 401 நெடுஞ்சாலை வழக்கம்போல் நகராமல் நின்றது. நெரிசலில் நிற்கும்போது மனிதர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். இது அந்த நெடுஞ்சாலை ரொறன்ரோவுக்குச் செய்யும் ஒரே சேவை.

"உன்ர பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் எல்லாம் இருக்கோடா?" என்று அன்புராசா சும்மா கேட்டான்.

"எங்க? அம்மா ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ள வைச்சிருந்தவ. சுனாமியோட ரின்னும் போச்சு, பள்ளிக்கூட ஒஃபிசும் போச்சு. உனக்கு மட்டும் சொல்லுறன், என்னட்ட நான் படிச்சதுக்கு ஒரு துண்டும் இல்லை."

"விடு மச்சான். ஆர் கேக்கப்போறான்."

அரையிறுதியில் ஒன்றுக்குப் பூச்சியம். முதல் பருவகாலத்திலேயே வம்மிக்குடா இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது.

இதுவரை அணியை யாரும் கவனிக்கவில்லை. இப்போது எல்லோரும் கவனித்தார்கள். இறுதியாட்டம் தமிழ்த் தொலைக்காட்சியில் நேரலையாகப் போகும் என்று அறிவிப்பு வந்தது. அன்று மாலையே அமிர்தநாதர் சங்கத்துக்கு வந்து, தன் மகன் அன்ட்ரூவும் கோல் காப்பாளன்தான் என்று தெரிவித்தார். அது உண்மைதான். அன்ட்ரூ ஐஸ் ஹொக்கியில் கோல் காப்பாளன்.

"அங்கிள், நான் விளையாடுறது ஐஸ்ல," என்றான் அன்ட்ரூ. இருபத்துநான்கு வயதுப் பிள்ளை, மரியாதையானவன். "திஸ் இஸ் நொட் த சேம் திங்."

"தம்பி, வலை வலைதான்," என்றார் கந்தப்போடி. அன்ட்ரூ ஏகமனதாகக் கௌரவ பழைய மாணவனானான்.

நான்கு நாளில் ஒன்றியத்திலிருந்து சசிகரனுக்கு ஓர் அறிவித்தல் வந்தது. அவனுடைய தகுதி பற்றிப் பெயர் குறிப்பிடாத நலன்விரும்பி ஒருவர் முறைப்பாடு செய்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் விடுகைப் பத்திரம் தேவை. இல்லாவிட்டால் ஆறாம் இலக்கப் படிவம்.

ஆறாம் இலக்கப் படிவத்தை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒன்றியம் செய்தவற்றில் மிகப் புத்திசாலித்தனமானது அது. ஆவணங்கள் அழிந்துபோன நாட்டிலிருந்து வந்தவர்களுக்காகவே யோசித்துச் செய்தது. மூன்று வருடமாவது ஒரே வகுப்பில் படித்த ஒருவர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி: 'வகுப்பில் விண்ணப்பதாரருக்குப் பக்கத்தில் இருந்தவர் பெயர்.' சாட்சி அதைத் தனியாக எழுதி உறையில் இட்டு ஒட்டிக் கொடுப்பார். விண்ணப்பதாரரிடம் அதே கேள்வியை வாயால் கேட்பார்கள். இரண்டும் பொருந்தினால் அவர் பழைய மாணவர். வாழ்நாள் முழுவதும், இனி யாரும் கேள்வி கேட்க முடியாது. பத்திரத்தைப் போலியாக அடிக்கலாம், முத்திரை வாங்கலாம். ஆனால் பக்கத்தில் இருந்தவனை எங்கே போய் வாங்குவது?

சசிகரனின் வகுப்பில் படித்தவர் கனடா முழுவதிலும் ஒரே ஒருவர். சசிகரன் படிவத்தோடு அன்புராசாவின் வீட்டுக்குப் போனான்.

"மச்சான், போடேலாதடா," என்றான் அன்புராசா. அவன் முகத்தில் உண்மையான துயரம் இருந்தது. "நான் செயலாளர். ஒன்றியத்துக்குப் போற படிவம் எல்லாம் என்ர கையாலதான் போகவேணும். நானே சாட்சி, நானே அனுப்புறது எண்டா நலன் முரண்பாடு. யாப்பில பதினாலு பீ."

"அப்ப நான் படிக்கேல்லையா?"

"நீ படிச்சது எனக்குத் தெரியும். சங்கத்துக்குத் தெரியாது."

"சங்கத்தின்ர செயலாளர் நீதானே?"

"ஓம். செயலாளருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

சசிகரன் கந்தப்போடியிடம் போனான். தலைவர் அவனை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நீர் அங்க படிச்சதை நான் ஒருக்காலும் சந்தேகப்படேல்ல. ஆனா உண்மை வேற, ஆவணம் வேற. உண்மையின்ர பக்கம் நிக்கிறதுக்கு எத்தினையோ பேர் இருக்கினம். ஆவணத்தின்ர பக்கம் நிக்க ஆர் இருக்கினம்? சங்கம்தான். இஞ்ச பாரும்."

சுவரில் சட்டம் போட்டு ஒரு பரீட்சை அனுமதி அட்டை தொங்கியது. கந்தப்போடி வம்மிக்குடாவில் படித்தவர் அல்ல. வேறு எங்கோ படித்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கல்லூரி மண்டபத்தில் மூன்று நாள் பரீட்சை எழுதியவர். அட்டையில் 'நிலையம்: வம்மிக்குடா ம.க.' என்று அச்சடித்திருந்தது.

"மூண்டு நாள்," என்றார் பெருமையோடு. "ஆனா துண்டு இருக்கு. அன்ட்ரூவை எடும். அந்தப் பிள்ளை ஊரைக் கண்டதே இல்லை. ஆனா தீர்மானம் இருக்கு, கூட்டறிக்கை இருக்கு. நீர் பத்து வருசம் படிச்சிட்டு ஒண்டும் இல்லாமல் வந்து நிக்கிறீர். இது ஆற்ற பிழை?"

சசிகரன் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது: சசிகரன் வம்மிக்குடா மத்திய கல்லூரியின் பழைய மாணவர் அல்ல. ஒன்றியத்தின் வழக்கப்படி முறைப்பாட்டின் பிரதி தீர்ப்போடுதான் அனுப்பப்படும். முன்னரே கொடுத்தால் சண்டை வரும். தீர்ந்தபின் கொடுத்தால் வாசிப்பதற்கு மட்டும்தான் உதவும்.

குசினி மேசையில் லக்ஷிகா எட்டிப் பார்த்தாள். "வெயிட், அப்பா. உந்த ரீம்ல உண்மையா அங்க படிச்சது நீங்கள் மட்டும்தானே?"

"ஓம்."

"படிக்கேல்ல எண்டு சொல்லுறதும் உங்களை மட்டுமா?"

"ஓம்."

"தற்ஸ் க்ரேஸி."

சசிகரன் முறைப்பாட்டின் இரண்டாம் பந்தியை வாசித்துக்கொண்டிருந்தான். 'இவரது விடுகைப் பத்திரம் தாயாரின் பிஸ்கற் ரின்னுக்குள் இருந்து கடலோடு போனதாக இவரே கூறுகிறார்.' கடிதம் தட்டச்சில் இருந்தது, கையெழுத்து இல்லை. தேவையும் இல்லை. அந்த ரின்னைப் பற்றி அவன் வாழ்நாளில் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

அன்புராசாவுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"பிஸ்கற் ரின்," என்றான்.

மறுபக்கம் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. "மச்சான், அதை முறைப்பாடு எண்டு எடுக்காத. ஒரு விளக்கம் கேட்டு எழுதினது. அமிர்தநாதர் அண்ணை, தன்ர மகன் விளையாடினாத்தான் அடுத்த வருசமும் ஜேர்சி எண்டுட்டார். நான் உன்னைக் கேவலமா ஒண்டும் எழுதேல்ல. முழுக்க உண்மையைத்தானே எழுதினனான்?"

"ஓம்," என்றான் சசிகரன். "முழுக்க உண்மை."

இறுதியாட்டத்தன்று அவன் லக்ஷிகாவோடு போனான். சங்கக் கூடாரத்துக்குள் பழைய மாணவர்களுக்கு மட்டும் அனுமதி என்பதால் வேலிக்கு வெளியே நின்றார்கள். கந்தப்போடி உள்ளே இருந்து கையசைத்தார். அவருக்கு யார்மீதும் மனக்கசப்பு இல்லை.

ஐஸ் ஹொக்கியில் கோல் சிறியது. காப்பாளன் ரப்பர் வட்டு வரும்போது இரண்டு முழங்காலையும் மடித்து விழுந்தால் கீழ்ப்பக்கம் முழுவதும் அடைபட்டுவிடும். நன்றாக யோசித்த உத்தி. அன்ட்ரூ அதை ஒவ்வொரு முறையும் பிசகாமல் செய்தான். ஒவ்வொரு முறையும் பந்து அவன் தலைக்கு மேலால் போனது. ஏழுக்குப் பூச்சியம். தொலைக்காட்சியில் அமிர்தநாதரின் முகம், மகனின் நெஞ்சில், ஏழு தடவை மண்டியிட்டது.

ஆட்டம் முடிந்து அன்ட்ரூ வேலியடிக்கு வந்தான். "அங்கிள், சொறி. என்னை விளையாட விடச்சொல்லி நான் ஒருத்தரையும் கேக்கேல்ல. இந்த நெட் இவ்வளவு பெரிசெண்டும் ஒருத்தரும் சொல்லேல்ல."

"உன்னில பிழை இல்லை தம்பி," என்றான் சசிகரன்.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் ஒன்றியத்துக்கு முப்பத்தோராம் விதி என்று ஒன்று உண்டு. தகுதியுள்ள வீரர் ஒருவர் தவறான முறைப்பாட்டால் விலக்கப்பட்டது நிரூபணமானால், இறுதியாட்டம் மறுபடி ஆடப்படும். தோல்வியின் மறுநாள் காலையில் கந்தப்போடி இந்த விதியைக் கண்டுபிடித்தார். மத்தியானம் அவசரக் கூட்டம். 'எமது கல்லூரியின் மைந்தன் சசிகரன் மீது அவதூறு எழுதிய பெயரற்ற கோழையை' வன்மையாகக் கண்டிக்கும் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் செயலாளர் அன்புராசா.

அடுத்து, பதினாலு பீ. அன்புராசா மூன்று மணிக்குச் செயலாளர் பதவியை இராஜினாமா செய்தான். மூன்று ஐந்துக்குச் சாதாரண மனிதனாக ஆறாம் இலக்கப் படிவத்தில் கையொப்பமிட்டு, பக்கத்தில் இருந்தவர் பெயரை எழுதி உறையை ஒட்டினான். மூன்று பதினைந்துக்கு மீண்டும் ஏகமனதாகச் செயலாளரானான். அந்தப் படிவத்தைத் தானே அனுப்பிவைத்தான்.

சசிகரனின் வீட்டுக்குக் கந்தப்போடியே நேரில் வந்தார். "தம்பி, உமக்கு இதைவிட என்ன வேணும்? பழைய மாணவர் எண்டு வாழ்நாள் முழுக்கத் துண்டு. இறுதியாட்டமும் திரும்ப. கோலுக்குள்ள நீர்தான். அமிர்தநாதரும் ஓம் எண்டிட்டார். நீர் வந்து ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாச் சரி."

அது பொய்யில்லை. அவன் இருபத்தைந்து வருடமாகக் காத்திருந்தது அவ்வளவுதான். சசிகரன் வருவதாகச் சொன்னான்.

ஒன்றியத்தின் அலுவலகம் மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், பல் வைத்தியருக்கும் வரி நிரப்புபவருக்கும் நடுவில் இருக்கிறது. நீள மேசை ஒன்று. தலைப்பக்கம் பதிவாளர் ஷாமிலா. அவருக்கு முன்னால் ஒட்டிய உறை. கந்தப்போடி ஒரு பக்கம். மறுபக்கம் சசிகரனும், இடம் நெருக்கமாக இருந்ததால் அவனுக்குப் பக்கத்தில் அன்புராசாவும். அன்புராசாவின் முழங்கை மேசையில் பரவி, சசிகரனின் கையை இடித்துக்கொண்டிருந்தது. அது அப்போதும் அப்படித்தான்.

"சசிகரன் அண்ணை," என்றார் ஷாமிலா, "ஒரு கேள்விதான். யோசிச்சுச் சொல்லுங்கோ. வகுப்பில உங்களுக்குப் பக்கத்தில இருந்தவர் ஆர்?"

கந்தப்போடி, விடை தெரிந்த பிள்ளையைப் பார்க்கும் வாத்தியார் போல, தலையை ஆட்டி உற்சாகப்படுத்தினார்.

சசிகரன் யோசித்தான். யோசிக்க ஒன்றும் இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். வாங்கு நினைவில் இருந்தது. நடுவில் கீறிய கோடு இருந்தது. கோல் கம்பங்களும், அடுத்த சனிக்கிழமை ஆடவிருந்த இறுதியாட்டமும்கூடக் கண்ணுக்கு முன்னால் நின்றன.

"ஒருத்தரும் இல்லை," என்றான். "நான் தனியத்தான் இருந்தனான்."

ஷாமிலா அதை எழுதிக்கொண்டார். உறையைப் பிரித்தார், வாசித்தார், மறுபடி மடித்தார்.

"பொருந்தேல்ல," என்றார்.

அன்புராசா முழங்கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான்.